சொதிப் புத்தகத்தின் இருநூறு வாசகர்கள்

எனக்குச் சொதி வைக்கத் தெரியாது. வெந்நீர் வைத்துப் பாத்திரத்தைக் கருக்கியவன் நான். அப்படிப்பட்டவன் ஐம்பத்திரண்டு வயதில் மறுவீட்டுச் சொதி வைப்பது எப்படி என்று பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு புத்தகம் எழுதி, அதை இணையத்தில் இலவசமாகவும் கொடுத்தேன். தெரியாத விஷயத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய முதல் ஆள் நானில்லை என்பதால் அதற்கு நான் பெரிதாக வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. அந்தப் புத்தகத்தின் வால் பிடித்து நான் அனுப்பிய மெயில்களால், சேரன்மகாதேவியைச் சேர்ந்த ஒரு நர்ஸுக்குக் கிடைக்கவிருந்த வேலை ஒரு சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் போகப் பார்த்தது.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் நான் எழுத்தர். மாற்றுச் சான்றிதழ் எழுதுவது, சேர்க்கைப் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, தலைமையாசிரியர் தேடும்போது இருக்கையில் இருப்பது, இவைதான் வேலை. மூன்றாவதில் கொஞ்சம் பலவீனம். மதிய நேரத்தில் செல்போனில் வீடியோ பார்ப்பேன். அப்படித்தான் அந்த ஆள் வந்து மாட்டினான். நான் போய் மாட்டினேன் என்றும் சொல்லலாம். ஒரு சிவப்புக் காரில் சாய்ந்து நின்றுகொண்டு, "உங்களுக்கென்று ஆயிரம் பேருடைய மெயில் முகவரி இருந்தால், நீங்கள் தூங்கும்போதும் வியாபாரம் நடக்கும்" என்றான். நான் ஏற்கெனவே அலுவலகத்தில் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். பாதி வேலை முடிந்துவிட்டது என்று தோன்றியது.

விஷயம் இதுதான். இணையக் கடைகளில் விற்கும் பொருளுக்கு நமக்கென்று ஒரு லிங்க் கொடுப்பார்கள். அதைத் தட்டி யாராவது வாங்கினால் நமக்குக் கமிஷன். நம் ஊரில் வீட்டுத் தரகர் செய்கிற அதே வேலை, வெயிலில் அலைய வேண்டாம் என்பதுதான் வித்தியாசம். ஆனால் யாரும் சும்மா லிங்கைத் தட்ட மாட்டார்கள். முதலில் அவர்களுக்கு ஏதாவது இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு பக்கம் செய்து, அதில் ஒரு படம், ஒரு பெட்டி, ஒரு பொத்தான் மட்டும் வைக்க வேண்டும். பெட்டியில் அவர்கள் தங்கள் மெயிலைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் இலவசம் போகும். அந்த மெயில் முகவரி நம் பட்டியலில் சேரும். பிறகு வாராவாரம் கடிதம் எழுதி, பழகி, பொருளைக் காட்ட வேண்டும்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் மிக்ஸியும் தேங்காய்த் துருவியும். திருநெல்வேலியில் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி வைக்காமல் யாரும் தப்பிக்க முடியாது. சொதி என்றால் தேங்காய்ப்பால். தேங்காய்ப்பால் என்றால் மிக்ஸி. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

புத்தகத்துக்கு என் மனைவியைப் பிடித்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்ல, நான் தட்டச்சு செய்தேன்.

"பாசிப்பருப்பு எவ்வளவு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"பத்து பேருக்கா, நூறு பேருக்கா?"

"நாலு பேருக்கு."

"நாலு பேருக்கு எவன் மறுவீட்டு விருந்து வைக்கான்?"

இப்படியே பன்னிரண்டு பக்கம் போனது. முதல் பாலை ஊற்றியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்று அவள் சொன்னதை, நான் "நன்றாகக் கொதிக்கவிட வேண்டும்" என்று ஏற்றிவிட்டேன். என் சித்தி மகள் அதை நம்பி வைத்து, பால் திரிந்து, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ரசத்தைச் சொதி என்று சொல்லிச் சமாளித்தாள். அவள் இன்றும் என்னோடு பேசுகிறாள். பேசும்போது சிரிப்பதில்லை, அவ்வளவுதான்.

பக்கத்தைச் செய்து முடித்ததும், செல்போனைக் காட்டினால் அந்தப் பக்கத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் கட்டம் போட்ட க்யூஆர் படத்தை அச்செடுத்து ஒட்டக் கிளம்பினேன். அந்த வாரம் சேரன்மகாதேவியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம். மண்டபத்தில், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில் ஒன்று ஒட்டினேன். இதைவிடச் சரியான இடம் உலகத்தில் கிடையாது. சொதி சாப்பிட்ட வாய், காத்து நிற்கிற கால், சும்மா இருக்கிற இடது கை. பக்கத்துக் காய்கறிக் கடையில் முருங்கைக்காய்க் கட்டுக்கு மேலே இன்னொன்று ஒட்டினேன்.

இரண்டே மாதத்தில் இருநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

அதோடு விட்டதா? ஒருவர் மெயிலைப் போட்டதும், "நீங்கள்தான் கேட்டீர்களா, உறுதிசெய்யுங்கள்" என்று தானாக ஒரு மெயில் போகும். பாதிப் பேர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள் என்று சிவப்புக் கார்க்காரன் முன்பே எச்சரித்திருந்தான். என் பட்டியலில் ஏறக்குறைய எல்லாருமே உறுதிசெய்தார்கள். நான் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தையும் எல்லாரும் திறந்தார்கள். உள்ளே இருந்த லிங்கையும் எல்லாரும் தட்டினார்கள். அவன் நடத்திய பயிற்சியில் என்னைப் போலச் சேர்ந்தவர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. அதில் என் திரையைப் படம் எடுத்துப் போட்டேன். சென்னை, கோயம்புத்தூர் ஆட்களெல்லாம், "சார், எப்படி சார்?" என்று கேட்டார்கள். நான் ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்தேன். வாசகர் மனதைத் தொடுவது எப்படி என்பது தலைப்பு.

ஆனால் ஒரு மிக்ஸி விற்கவில்லை. துருவியும் விற்கவில்லை. இருநூறு பேர் கடைக்குள் வந்து, எல்லாப் பொருளையும் தொட்டுப் பார்த்துவிட்டு, வரிசையாக வெளியே போகிற மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்ததில், கடிதத் தலைப்பில் காரம் போதவில்லை என்று முடிவுக்கு வந்தேன். மனதைப் பிடித்து இழுக்க வேண்டும் என்றுதான் அவனும் சொல்லியிருந்தான். ஒரு திங்கட்கிழமை, "உங்கள் விண்ணப்பம் குறித்து, அவசரம்" என்று இங்கிலீஷில் தலைப்புப் போட்டு எல்லாருக்கும் ஒரு கடிதம் அனுப்பினேன். உள்ளே, "நீங்கள் சொதிப் புத்தகத்துக்கு விண்ணப்பித்தீர்கள் அல்லவா, உங்களுக்கு மிக்ஸியில் ஒரு சலுகை காத்திருக்கிறது" என்று எழுதியிருந்தேன். பொய்யில்லை பாருங்கள். அலுவலகக் கடிதம் எழுதிப் பழகிய கை.

அந்தச் சனிக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு என் வயது, கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார். பின்னால் இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் ஒரு பெண், மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

"சொதிப் புத்தகக்காரர் வீடு இதானா?" என்றார் அவர்.

எனக்கு உள்ளம் பூரித்துவிட்டது. மெயில் அனுப்புகிறவருடைய வீட்டு முகவரியை ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் போட்டே ஆக வேண்டும் என்று, இந்தக் கடிதங்களை எனக்காக அனுப்பும் மெயில் கம்பெனிக்கு ஒரு சட்டம். அதைப் பார்த்துத் தேடி வந்திருக்கிறார்கள்!

"நாந்தான், நாந்தான். வாங்க அண்ணாச்சி. என்னோட வாசகர்களா?"

"வாசகரா? வே, அந்த இருநூறு வாசகனும் நாந்தான்வே!"

எனக்குப் புரியவில்லை. அவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று விளக்கினார். சேரன்மகாதேவியில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர். ஊரில் யார் எந்தப் படிவம் நிரப்ப வந்தாலும் மெயில் கேட்கும். அவர்களுக்கு மெயில் இருக்காது. இருந்தாலும் பாஸ்வேர்டு மறந்திருக்கும். அதனால் இவருடைய மெயிலுக்கு நடுவில் ஒரு கூட்டல் குறியும், வந்தவருடைய வரிசை எண்ணும் சேர்த்துப் போட்டுவிடுவார். பார்க்கிற கம்ப்யூட்டருக்கு அது வேறு வேறு ஆள். வருகிற கடிதம் மட்டும் எல்லாம் இவருடைய ஒரே மெயிலுக்கு. அந்த முகவரியை ஒரு சின்னத் துண்டுச் சீட்டில் எழுதி, ஆதார் உறைக்குள் வைத்துக் கொடுத்துவிடுவார். ஊரே அதைத் தங்கள் மெயில் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. கை கழுவும் இடத்தில் என் பக்கம் மெயில் கேட்டதும், ஈரக் கையோடு ஆதாரை எடுத்துப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள்.

இதில் எனக்கு மட்டும் ஒரு கூடுதல் அவமானம். எங்கள் பள்ளிக்கூடச் சேர்க்கைப் படிவங்களில், நடுவில் கூட்டல் குறி போட்ட முகவரிகளை நானே ஆண்டுக்கணக்காக ஏற்றியிருக்கிறேன். ஒரே பெயர், வேறு வேறு எண். கூட்டுக் குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்போ எல்லாத்தையும் உறுதிசெஞ்சது?"

"நாந்தான். ஆளுங்க நம்பி குடுத்திருக்காங்கள்லா? உறுதிசெய்யவும்னு ஒண்ணு வந்தா செய்யாம விட்டா நாளைக்கு அவனுக்குக் காஸ் மானியம் நின்னு போச்சின்னா யாரு பதில் சொல்லுவா? ஒவ்வொண்ணையும் தெறந்து, உள்ள இருக்க லிங்கையும் தட்டி விட்டிருக்கேன். ஒரு கடிதத்த இருநூறு தடவ. உமக்கு வேற சோலியே கெடையாதாவே?"

"சார், நேரம் போயிட்டிருக்கு" என்றாள் அந்தப் பெண், பொறுமையாக.

அப்போதுதான் அவள் கதை வந்தது. நாகர்கோவில் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போட்டிருக்கிறாள். இந்த வாரம் மெயிலில் அழைப்பு வந்திருக்கிறது. கூடப் படித்த தோழிக்கும் அதே அழைப்பு. அவள் இன்று காலை டூட்டிக்குப் போகும்போது போனில் சொல்லித்தான் இவளுக்கே தெரியும். இன்று மதியம் பன்னிரண்டு மணிக்குள் வருகிறேன் என்று பதில் போட வேண்டும். அந்த மெயிலில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டால்தான் பதில் செல்லும். போடாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். தோழியின் போன் இப்போது வார்டுக்கு வெளியே பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. ஆஸ்பத்திரி நம்பரை இவள் ஏழு தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

"அழைப்புக்கு என்ன தலைப்பு?" என்று கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம்.

"உங்கள் விண்ணப்பம் குறித்து, அவசரம்" என்றாள். எழுத்துக்கு எழுத்து என் தலைப்பு.

"திங்கக்கெழம அந்தத் தலைப்புல வந்தத மொதல்ல பயந்து தெறந்தேன்" என்றார் சென்டர் அண்ணாச்சி. "மிக்ஸி. ரெண்டாவதும் மிக்ஸி. பத்தாவதும் மிக்ஸி. எரிச்சல்ல, அந்தத் தலைப்பு எதுல இருந்தாலும் சரி, உம்ம பேரு எதுல இருந்தாலும் சரி, மொத்தமா அமுக்கிக் குப்பைல போட்டேன். நடுவுல வேற எது கெடந்துச்சின்னும் பாக்காம நேத்து வரைக்கும் போட்டேன். இந்தப் புள்ளைக்கு வந்ததும் அதுக்குள்ளதான் கெடக்கு."

"உங்க சென்டர்லயே தேடியிருக்கலாமே?"

"இன்னைக்கு எங்க ஊர்ல சாயங்காலம் வரைக்கும் கரண்டு கெடையாது. கம்பி மாத்துதான். போன்ல தேடித் தேடி இந்தப் புள்ளைக்கும் எனக்கும் கண்ணு போச்சி. கரண்டும் இருக்கணும், திட்டுததுக்கு ஆளும் இருக்கணும். ரெண்டும் உம்ம வீட்லதான்வே இருக்கு."

உள்ளே கூட்டிப்போய் என் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அண்ணாச்சியின் மெயிலுக்குள் நுழைய முயன்றால், புது இடம் என்று சந்தேகப்பட்டு அவர் போனுக்கு ஒரு எண் அனுப்பியது. போன் பைக் பெட்டிக்குள் இருந்தது. அதை எடுத்து வருவதற்குள் அந்த எண் காலாவதியாகிவிட்டது. மறுபடி கேட்டோம். மணி பதினொன்று அடித்தது.

குப்பைக்குள் போனால் ஆயிரத்துக்கு மேல் கிடக்கிறது. எல்லாம் என் கைவண்ணம். மூன்று பேர் முன்னால் என் தலைப்புகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. "மாமியார் வாயடைத்துப்போன நாள்." "உங்கள் தேங்காய்ப்பால் உங்களிடம் என்ன சொல்கிறது?" வாசற்படியில் நின்றிருந்த என் மனைவி, "என்ன சொல்லுதாம்?" என்று கேட்டாள். நான் சுட்டெலியை வேகமாக உருட்டினேன். அந்தப் பெண் மட்டும் திரையில் விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக, வார்டில் நோயாளி அட்டையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாள். ஆறு பக்கம் முடிந்தது. கண்ணில் படவில்லை. எங்கள் இணையம் வேறு ஒவ்வொரு பக்கத்துக்கும் நின்று மூச்சு வாங்கியது.

பதினொன்று இருபது. அவள் கோப்பை மூடிவிட்டுத் திறந்தாள். மறுபடி மூடினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"இந்த வேல கெடச்சா வீட்லருந்தே போயிட்டு வந்திரலாம்" என்றாள், யாரையும் பார்க்காமல். "ரெண்டு வருசமா பெங்களூர்ல இருந்துட்டு, அப்பாவுக்கு முடியலன்னு வந்தேன். இது இல்லன்னா திரும்பப் போகணும்."

எனக்கு வாயைத் திறந்தால் ஏதாவது ஜோக் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. என் வாய் அப்படிப்பட்டது. சாவு வீட்டில்கூட என்னை ஓரமாகத்தான் உட்கார வைப்பார்கள்.

என் மனைவிதான் கேட்டாள். "ஏங்க, உங்க லெட்டர் எல்லாத்துலயும் சொதின்னு ஒரு வார்த்த இருக்கும்லா?"

"எல்லாத்துலயும் இருக்கும். சொதி இல்லாம நான் எழுதுனதே இல்ல."

"ஆஸ்பத்திரிக்காரன் எழுதுனதுல சொதி இருக்காதுல்லா? சொதி இல்லாதத மட்டும் காட்டுன்னு கேக்க முடியாதா?"

நானும் அண்ணாச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். நான் வாசகர் மனதைத் தொடுவது எப்படி என்று வகுப்பு எடுத்தவன்.

"எந்திவே" என்று என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். தேடும் பெட்டியில் ஒரு கழித்தல் குறி போட்டு, ஒட்டினாற்போல் சொதி என்று அடித்தார். ஆயிரத்துச் சொச்சம் மறைந்து பதினேழு நின்றது. ஒன்பதாவது அவளுடையது.

பதிலை அவளே அடித்தாள். நிதானமாக, அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து இரண்டு தடவை சரிபார்த்தாள். அனுப்பும்போது பதினொன்று நாற்பது. இரண்டு நிமிடத்தில், கிடைத்தது, செவ்வாய்க்கிழமை காலை வரவும் என்று மறுபதில் வந்தது. என் மனைவி அவள் தோளில் ஒரு தட்டு தட்டி, "இரும்மா, காப்பி போடுதேன்" என்று அடுக்களைக்குப் போனாள். நான் ஒரு மூச்சு விட்டேன் பாருங்கள், அது இன்னும் அந்த அறையில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சென்டர் அண்ணாச்சி மட்டும் எழுந்திருக்கவில்லை. மீதி பதினாறையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒரு தாத்தாவுக்கு ஓய்வூதியச் சான்று கொடுக்கச் சொல்லி நினைவூட்டல். ஒரு பையனுக்கு உதவித்தொகைக்கு வங்கி விவரம் சரியில்லை என்று ஒன்று. அவர் முகம் கொஞ்சம் மாறியது. மேசையில் கிடந்த என் புத்தகத்தின் அச்சுப் பிரதியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பெயர்களைக் குறித்துக்கொண்டார்.

"உம்ம மேலயே எல்லாத்தையும் போட முடியாது" என்றார் பைய. "ஊரு மெயிலயெல்லாம் நான் ஒருத்தன் வாங்கி வச்சிருந்தா இப்படித்தான்."

இந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "ஆனாலும் அண்ணாச்சி, எல்லாக் கடிதத்தையும் படிச்ச ஒரே ஆளு நீங்கதான். எழுத்து எப்படி இருந்துச்சி?"

"படிச்சேன்னு எவஞ்சொன்னான்? தெறந்தேன், மூடுனேன்" என்றார்.

அந்தப் பெண் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். காப்பி புரையேறியது.

அவர்கள் போன பிறகு பட்டியலைச் சுத்தம் செய்தேன். அண்ணாச்சியின் முகவரிகளை எடுத்ததும் மிச்சம் பத்தொன்பது பேர். அதில் ஏழு பேர் சொந்தக்காரர்கள். நான்கு பேர் நானே, சரியாகப் போகிறதா என்று பார்க்க நான் எனக்கு அனுப்பிக்கொண்டவை. ஒருவர் எங்கள் தலைமையாசிரியர். அவர் என்றைக்கு, எதற்காகச் சேர்ந்தார் என்று நான் இதுவரை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குழுவில் போய் உண்மையைச் சொல்லிவிட்டு என் வகுப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன். அதற்குள் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் என் முறையைப் பின்பற்ற ஆரம்பித்திருந்தார், பாவம். சேரன்மகாதேவி சென்டரில் இப்போது ஆளுக்கு ஒரு தனி மெயில் உண்டாக்கிக் கொடுக்கிறார்கள். பாஸ்வேர்டை மறந்து வருகிறவர்களை அண்ணாச்சி திட்டுகிற சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்பதாகக் கேள்வி.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். வேலையில் சேர்ந்துவிட்டாளாம். காலை பஸ்ஸில் போய் இரவு வீட்டுக்கு வந்துவிடுகிறாளாம். அப்பா இப்போது பரவாயில்லையாம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் மனைவியைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தேன். அவர்கள் இருவரும் எனக்குச் சம்பந்தமில்லாத பல விஷயங்களை அரைமணி நேரம் பேசிவிட்டுத் திரும்பக் கொடுத்தார்கள்.

அத்தோடு போனை வைத்திருக்கலாம். ஆனால் பதிவுப் பக்கத்தின் அடியில் பயனடைந்தவர்கள் நாலு நல்ல வார்த்தை சொல்வதாகப் போட்டால் புது ஆட்கள் நம்பிச் சேர்வார்கள் என்று அந்த வாரம்தான் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். "உனக்கு வேல கெடச்சதுல எனக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்குல்லாம்மா. எம் பக்கத்துல போட ஒரே ஒரு வரி சொல்லேன்" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை.

"உங்க மெயிலு வராம இருந்தா நாலு நாளைக்கு முன்னாடியே பதில் போட்டிருப்பேன். இதயே போட்டுக்கிடுங்க அண்ணாச்சி."